அறுபத்திரண்டாம் எண் வீட்டு அடுப்பு

என் ஆய்வேட்டின் தலைப்பில் அடுப்பு என்ற சொல் வருகிறது. சமூக மேம்பாடும் திட்டமிடலும் என்று ஒரு முதுகலைப் படிப்பு. அதில் சேர்ந்து இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்துப் படித்து, கடைசியில் அடுப்பைப் பற்றி எழுதி முதல் வகுப்பு வாங்கியவள் நான். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். நான் இளித்துக்கொண்டு நின்றேன். அந்த இளிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் பிறந்தது லீம்டாவாலி சாலியில். குஜராத்தில் மில் ஓடிய காலத்தில் மில்காரர்கள் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடுகளுக்கு சாலி என்று பெயர். மில் செத்து முப்பது வருஷமாகிறது, சாலி மட்டும் சாகாமல் கிடந்தது. ஒரு கூரை, ஒரு அறை. மகன்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அறை நடுவே தகரத்தை நிறுத்துவார்கள். அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. அடித்துக்கொண்டு பிரிந்தவர்களும் உண்டு, சிரித்துக்கொண்டே பிரிந்தவர்களும் உண்டு. தம்பி பெண்டாட்டி தனி அடுப்பு பற்றவைத்த அன்றைக்கு அது தனிக் குடும்பம். அதற்குப் பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது.

என் அக்கா ஜசுவும் அப்படித்தான் தனி அடுப்பு பற்றவைத்தாள். எனக்கு ஒரு வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள். அக்காவுக்கு அப்போது ஒன்பது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பென் என்றால் எங்கள் மொழியில் அக்கா. நான் முதலில் பேசிய வார்த்தையே அதுதான் என்பார்கள். அதே சாலியில் இரண்டு வரிசை தள்ளி தினுவுக்கு அவளைக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ். அதை வைத்துத்தான் அவள் தகரத்துக்கு இந்தப் பக்கம் குடித்தனம் நடத்தினாள். அந்தப் பக்கம் தினுவின் அண்ணன் கனுபாயும் அவர் மனைவி காந்தாபாபியும் ஐந்து பிள்ளைகளும். பாபி என்றால் அண்ணி.

புடவைக்கு ஃபால் தைத்துத் தைத்து என்னைப் படிக்கவைத்தாள் ஜசுபென். நான் முதுகலைக்கு இடம் கிடைத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடியபோது, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"அது படிச்சா என்னவாகலாம் ரேவ்லி? டாக்டரா?"

"இல்ல பென். நம்ம மாதிரி இடத்தை எல்லாம் எப்படி நல்லா ஆக்கலாம்னு திட்டம் போடறது."

"திட்டமா? மொதல்ல பின்னாடி சாக்கடைக்கு ஒரு கல்லு போடுடி. காந்தாபாபி மூணு தடவை விழுந்துட்டா."

"போடி" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தினு மச்சான் வெளியே கட்டிலில் படுத்துக்கொண்டே, "திட்டக் கமிஷன் சிரிக்குது பாரு" என்றார்.

இரண்டாம் வருஷத்தில் எங்கள் வகுப்புக்குக் களப்பணி வந்தது. எந்த இடம் என்று பார்த்தால் எங்கள் சாலியேதான். இடித்துவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஏழு மாடிக் குடியிருப்பில் வீடு தருவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. வீட்டு வசதி அலுவலகம் கூரையை எண்ணிப் பட்டியல் போட்டிருந்தது. நூற்று எண்பத்தாறு கூரை, நூற்று எண்பத்தாறு வீடு. தகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் எங்கே போவான்? நான்தான் வகுப்பில் எழுந்து கத்தினேன். எங்கள் ஜனங்கள் குடும்பத்தைக் கூரையை வைத்து எண்ணுவதில்லை, அடுப்பை வைத்து எண்ணுகிறோம் என்றேன். எங்கள் பேராசிரியர் வைஷ்ணவ் சார் சாக்பீஸை எடுத்தார். பிறகு பலகையில் "ஓர் அடுப்பு, ஒரு குடும்பம்" என்று எழுதினார். அதற்குக் கீழே அவர் முதல் நாளிலிருந்தே எழுதிப்போடும் வாசகத்தையும் எழுதினார்: "மக்களைக் கேளுங்கள். அவர்களுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்."

அலுவலகத்தோடு மல்லுக்கட்டி அதை ஒப்புக்கொள்ள வைத்தார். நாங்கள் எடுக்கும் கணக்கெடுப்பே இறுதிப் பட்டியல் என்று எழுதி வாங்கினார். என்னைக் குழுத் தலைவி ஆக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் வரைபடம் போட்டோம். எங்கள் மாதா அம்மன் கோயில் முன்னால் சாணி மெழுகிய தரையில் பெண்கள் கோலமாவால் சாலியை வரைந்தார்கள். அடுப்புக்கு ஒரு நிலக்கடலை வைக்கச் சொன்னேன். ஜசுபென் தன் கடலையை வைத்துவிட்டு, "ஹேத்தல் திங்காம பாத்துக்கோ, வீடு போயிடும்" என்று தன் மகளைக் காட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். கடலை இருந்த இடத்துக்கெல்லாம் எண் போட்டோம். கனுபாய் அறுபத்தொன்று. ஜசுபென் அறுபத்திரண்டு. தகரத்தின் மேல் அந்த எண்ணை அவளே நீல பெயின்டில் எழுதினாள். இரண்டு கொஞ்சம் வாத்து மாதிரி வந்தது.

அன்று மாலை கூட்டத்தில் சாலிப் பெரியவர் பச்சுகாகா எழுந்தார். அவருக்கு யாரையாவது குத்தாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"எல்லாம் சரி. காலேஜ்காரி அவ அக்காவுக்கு ரெண்டு வீடா எழுதிக்கிட்டா யாரு கேக்கறது?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "காகா, மாதா சத்தியமா சொல்றேன். என் அக்கா வீட்டு ஃபாரத்துல என் பேனா ஒரு எழுத்துகூட எழுதாது. எழுதினா என் கையை வெட்டுங்க" என்றேன்.

கூட்டம் கைதட்டியது. ஜசுபென்னும் தட்டினாள்.

ஃபாரம் நிரப்பும் வேலை பத்து நாள் கழித்து. அதற்கு ஐந்து நாள் முன்னால் தினு மச்சான் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். காலையில் தேநீர் குடித்துவிட்டு, "வரும்போது திங்கறதுக்குக் காந்தியா பொட்டலம் வாங்கிட்டு வரேன்" என்று ஹேத்தலிடம் சொல்லிவிட்டுப் போனவர்.

எங்களில் சாவு விழுந்த வீட்டில் பன்னிரண்டு நாள் அடுப்பு மூட்டக்கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். ஜசுபென் பம்ப் ஸ்டவ்வைக் கழுவித் துடைத்து, பழைய புடவையில் சுற்றி மூலையில் வைத்துவிட்டாள். காந்தாபாபிதான் கிச்சடியும் கடி என்கிற மோர்க்குழம்பும் கொடுத்தனுப்பினாள்.

அறுபதிலிருந்து எண்பது வரைக்கும் ஃபாரம் எழுதப் போனவள் என் வகுப்புத் தோழி ஸ்வராலி. மராட்டிக்காரி, கண்ணாடி போட்டவள், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். என் சொந்தக்கார வீடுகளை அவளுக்கு மாற்றிவிட்டதே நான்தான். அறுபத்திரண்டில் அழுதுகொண்டிருந்த பெண்களைத் தொந்தரவு செய்ய மனம் வராமல், வாசலில் நின்ற காந்தாபாபியிடம் கேட்டிருக்கிறாள். அடுப்பு எரிகிறதா? இல்லை. எங்கே சாப்பிடுகிறார்கள்? எங்க வீட்டில்தான். காந்தாபாபி பொய் சொல்லவில்லை. ஸ்வராலியும் பொய் எழுதவில்லை. "அடுப்பு: இல்லை. உணவு: 61. குடும்பத் தலைவர்: 61-இல் உள்ளவர்."

ஒவ்வொரு ஃபாரத்தையும் குழுத் தலைவி சரிபார்த்துக் குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று சாயங்காலம் நான் அக்காவை விட்டுவிட்டு எங்கே போவேன்? அவள் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்து, ஃபாரக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழுகையும் வேலையுமாகப் போய்க்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு வந்தது. படித்தேன். புரியாமல் இல்லை, முழுக்கப் புரிந்தது. குறிப்பு என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. "துக்க வீடு, பன்னிரண்டு நாள்" என்று நாலு வார்த்தை எழுதினால் போதும்.

என் பேனா எழுதாது என்று சத்தியம் செய்திருந்தேனே. பச்சுகாகாவின் மூஞ்சி கண் முன்னால் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சுற்று இருக்கிறது, பன்னிரண்டாம் நாளும் அதற்குள் முடிந்துவிடும், அக்கா அடுப்பு மூட்டிவிடுவாள், ஸ்வராலியே திருத்திவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் என் நேர்மை எனக்கே இனித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, அடுத்த தாளுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து ஃபாரக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மேலிடத்தில் அவசரமாம். இரண்டாவது சுற்று வேண்டாமாம். கல்லூரியில் மிட்டாய் கொடுத்தார்கள். நூற்று எண்பத்தாறு இருந்த இடத்தில் இருநூற்று முப்பத்து மூன்று குடும்பம்! நாற்பத்தேழு குடும்பத்துக்குப் புதிதாக வீடு. என் வாயிலும் யாரோ ஒரு பேடாவைத் திணித்தார்கள்.

வைஷ்ணவ் சாரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஆட்சேபம் சொல்ல ஒரு நாள் கொடுப்பாங்க ரேவா. உங்க அக்கா சொல்லலாம். இல்லன்னா ஃபாரத்துல தலைவர்னு இருக்கறவர் சொல்லலாம். அவங்க சொன்னா ஒரு ஃபாரம் திருந்தும். ஆனா நீ எழுந்து, என் கையெழுத்து தப்புன்னு சொன்னேன்னு வை. கையெழுத்து போட்டவளே தப்புங்கறா, இருநூத்தி முப்பத்து மூணுமே சந்தேகம்னு சொல்லிட்டுப் பழைய கூரைக் கணக்குக்குப் போயிடுவாங்க. காத்துக்கிட்டிருக்காங்க அதுக்கு."

"அப்ப நான் என்ன செய்யறது சார்?"

"உங்க அக்காவைப் பேசச் சொல்லு" என்றார். அவர் பட்டணத்துக்காரர், அவருக்கு என்ன தெரியும்.

எங்களில் தம்பி மனைவி கணவனின் அண்ணன் எதிரில் முகம் காட்டக்கூடாது, குரல் காட்டக்கூடாது. ஒன்பது வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் கனுபாய் என் அக்காவின் முகத்தைப் பார்த்ததில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் அவள் முந்தானையை இழுத்துவிடுவாள். குழந்தை தொட்டிலில் இருந்து விழுந்தபோதுகூட அவள் அவர் எதிரில் கத்தவில்லை, பாத்திரத்தைத் தட்டித்தான் கூப்பிட்டாள். விசாரணைக்குக் குடும்பத் தலைவர் கட்டாயம் வர வேண்டும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஃபாரத்தின்படி தலைவர் கனுபாய்.

அதனால் விசாரணைக்கு முதல் நாளே அவரிடம் போனேன். வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"கனுபாய், ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். தம்பி அடுப்பு தனின்னு. உங்க வீடு உங்களுக்கு வரும், பென்னுக்கு அவ வீடு வரும். உங்களுக்கு ஒண்ணும் கொறையாது."

"கொறையாதா? தம்பி பெண்டாட்டி, முப்பது வயசு, தனியா எங்கேயோ ஒரு மாடியில பூட்டிக்கிட்டு இருப்பா. நாலு பேரு என்னைக் கேப்பாங்க. தினு என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கான். நான் சோறு போடுவேன்."

"அவளுக்குத் தையல் இருக்கு. அவ சோறு அவ பாத்துப்பா."

"ஏ ரேவா, நான் ஒண்ணும் புதுசா சொல்லலியே. உன் காயிதமே அப்படித்தானே சொல்லுது. நீதானே அதுல கையெழுத்து போட்டே?"

கெட்ட மனுஷன் இல்லை அவர். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

விசாரணை நாளன்று அந்த அறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி. அதிகாரிக்கு எதிரே கனுபாய். சுவரோரமாக ஜசுபென், முகத்தை மூடிய வெள்ளைப் புடவை. ஓரத்தில் கணக்கெடுப்புக் குழுவின் சார்பில் நான்.

"அறுபத்திரண்டு. அடுப்பு இல்லை, சாப்பாடு அறுபத்தொண்ணுல. சரியா?" என்றார் அதிகாரி.

"சரிதான் சாப்" என்றார் கனுபாய்.

"நீங்க சொல்லுங்கம்மா. தனியா சமைக்கிறீங்களா?"

புடவை அசையவில்லை. அதிகாரி இரண்டாவது தடவை கேட்டார். முந்தானை ஓரத்தை அவள் விரல்கள் கசக்குவது மட்டும் தெரிந்தது. மேஜைமேல் ஒரு டம்ளர் இருந்தது. அதைத் தட்டிவிடமாட்டாளா, ஏதாவது சத்தம் போடமாட்டாளா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சர்வே டீம், உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

நாற்பத்தேழு குடும்பம் என்று நினைத்தேன். நாற்பத்தேழு குடும்பத்தைத்தான் நினைத்தேனா, என் ஆய்வேட்டை நினைத்தேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

"இல்லை" என்றேன்.

அதிகாரி முத்திரை குத்தினார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

சாலி இடிபட்டது. கனுபாய்க்கு ஏழாவது மாடியில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. காந்தாபாபியும் பிள்ளைகளும் அறையில். கனுபாய் கூடத்தில். ஜசுபென்னும் ஹேத்தலும் சமையலறையில், பாத்திரம் கழுவிய ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பாய் போட்டுக்கொள்கிறார்கள். கூடத்தில் கனுபாய் இருக்கிற நேரமெல்லாம் அவள் வெளியே வர முடியாது. முன்னே தகரமாவது இருந்தது. காந்தாபாபிக்கு முழங்கால் வலி வந்துவிட்டதால் ஒன்பது பேருக்கும் ஜசுபென்தான் கம்பு ரொட்லா தட்டுகிறாள். தையல் மிஷினை வைக்க இடமில்லை.

நான் எப்போது போனாலும் காந்தாபாபியின் காதில் விழும்படி ஜசுபென் ஸ்வராலியைத் திட்டுவாள். "அந்தக் கண்ணாடிக்காரி நாசமாப் போக. எங்க ரேவ்லி எழுதியிருந்தா இப்படி ஆகுமா?" நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஸ்வராலி பாவம், அந்த வருஷம் முழுக்க என்னோடு சேர்ந்து அழுதவள். அவளுக்காக ஒரு வார்த்தைகூட நான் பேசியதில்லை. அந்தத் திட்டில் எனக்கு ஒரு நிழல் கிடைத்தது.

பட்டம் வாங்கிய மறுநாள் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். காந்தாபாபி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கனுபாய் வேலைக்கு. சமையலறைத் தரையில் ஜசுபென் கம்பு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முகத்தில் முந்தானை இல்லை. மூன்று மாதம் கழித்து அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். முன் மயிர் நரைத்திருந்தது.

"படிச்சு முடிச்சிட்டியா? காட்டு காட்டு" என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்தெல்லாம் அவளுக்கு வேகமாக வராது, எண் தெரியும். வரைபடம் இருந்த பக்கத்தில் விரலை வைத்து வரிசை வரிசையாகப் போனாள். அறுபது. அறுபத்தொன்று. அறுபத்து மூன்று. விரல் அங்கேயே நின்றது.

"பென்" என்றேன். "அது ஸ்வராலி செஞ்சதில்ல. நான்தான். அவ எழுதின ஃபாரத்தை நான் பாத்தேன். தப்புன்னு தெரிஞ்சும் டிக் போட்டுக் கையெழுத்து போட்டேன்."

சொல்லிவிட்டு அழுதேன். அவள் மாவுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள்.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். அறுபத்திரண்டுன்னு இருந்த தாள்ல நீ டிக் போட்டதைப் பாத்தேன். மத்ததைவிட அதை ரொம்ப நேரம் வெச்சுக்கிட்டிருந்தே."

"அப்பவே கேட்டிருக்கக் கூடாதா பென்? ஒரு வார்த்தை!"

"உன்னைப் போய் என்னத்தக் கேக்கறது? நீ படிச்சவ. தெரிஞ்சுதான் போடுவேன்னு நெனச்சேன். அப்புறம் ஆபீஸ்ல இல்லைன்னு சொன்னே. அப்பவும் நெனச்சேன், எல்லார் முன்னாடியும் சொல்லக்கூடாதுன்னு வேற ஏதோ வழி வெச்சிருக்கா, அதான் இல்லைங்கறான்னு."

"அப்ப ஸ்வராலியை ஏன் அப்படித் திட்டினே?"

"பின்ன? உன்னைத் திட்டச் சொல்றியா, காந்தாபாபி முன்னாடி?"

இருநூற்று முப்பத்து மூன்று வீட்டு வாசலில் உட்கார்ந்து நாங்கள் ஜனங்களைக் கேள்வி கேட்டோம். எப்படிக் கேட்பது என்று எனக்கு இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், "பென், உன் அடுப்பு தனிதானே, எழுதட்டுமா?" என்று நான் கேட்கவில்லை.

அவள் எழுந்து, பரணில் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து எதையோ இழுத்தாள். பழைய புடவையில் சுற்றிய மூட்டை. பிரிக்காமலே தெரிந்தது.

"காந்தாபாபி பழைய சாமான்காரன்கிட்ட போடு போடுன்னு மாசக்கணக்கா கத்தறா. நான்தான் கொடுக்கல. ரேவ்லி படிப்பை முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு வெச்சிருந்தேன்." மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். "வேற வழி ஏதாவது இருக்கா ரேவா?"

என்னை அவள் ரேவா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் மூட்டையின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு, சாமான்காரன் சத்தம் கீழே கேட்டால் வந்து சொல்லு என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மாவைப் பிசைய உட்கார்ந்தாள்.